2041-இல் வரவேண்டிய பூச்சி

கரியனின் மரவள்ளிக் கொல்லைக்கு மாவுப்பூச்சி வந்தது இந்த வருஷம் மாசி நடுவில். அது வரவேண்டிய வருஷம் 2041 என்பது அப்போது கரியனுக்குத் தெரியாது. பூச்சிக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் ஏறினால் கொடிப்பாறை என்று ஒரு ஊர். நாற்பது வீடு. மேட்டில் சாமை, சரிவில் மரவள்ளி. கரியனுக்கு ஒன்றரை ஏக்கர் சரிவு. புரட்டாசியில் நட்ட குச்சி இடுப்பு உயரம் வந்து நின்ற நேரத்தில் நுனிக் கொழுந்தெல்லாம் பொத்திய கை போலச் சுருண்டுகொண்டது. அவன் மனைவி பெருமாயி ஒரு கொழுந்தைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே அரிசி மாவைத் தூவியது போல வெள்ளை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததில் அந்த மாவு நகர்ந்தது.

"இன்னா இது, உசுரு இருக்குது?" என்றாள்.

கரியனும் பார்த்தான். ஐம்பத்திரண்டு வயதில் அவன் பார்க்காத பூச்சி அது. பத்து நாளில் கொல்லையின் பாதி சுருண்டது. வேப்ப எண்ணெய் அடித்தார்கள், சோப்புத் தண்ணீர் அடித்தார்கள். மாவு அசையவில்லை. கரியாலூர் டீக்கடையில் யாரோ சொன்னார்கள், கள்ளக்குறிச்சியில் இதற்கென்றே ஒரு பெரிய ஆபீஸ் திறந்திருக்கிறார்கள், பூச்சி எங்கே வரும், எப்போது வரும் என்று அங்கே கம்ப்யூட்டரில் தெரியுமாம் என்று. கரியன் நான்கு கொழுந்தை ஒடித்து பாலிதீன் கவரில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டு காலை பஸ் ஏறினான்.

ஆபீஸின் பெயர் 'பருவநிலை மாற்றப் பயிர்ப்பூச்சி வருகை முன்கணிப்பு மையம்'. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட இரண்டடி நீளமாக இருந்ததால் மிச்சத்துக்குக் கம்பி கட்டித் தாங்கவைத்திருந்தார்கள். வாசலில் காவலாளி கவரைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னா அது?"

"பூச்சிங்க."

"பூச்சியோட உள்ள போவக்கூடாது. இது பூச்சி ஆபீஸு."

"பூச்சி ஆபீஸுக்கு வேற இன்னாத்தங்க கொண்டாருவாங்க?"

காவலாளி யோசித்தார். இதுவரை யாரும் எதையும் கொண்டுவந்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "மீட்டிங்குக்கு வருவாங்க. பொக்கே கொண்டாருவாங்க" என்றார். பிறகு, கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகும்படி சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே சந்தியா மேடம் என்ற விஞ்ஞானி இருந்தார். வரைபடம் அவர் பொறுப்பு. சுவர் முழுக்கக் கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னச் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. ஒரு சதுரம் என்றால் ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். சில சதுரம் சிவப்பு, சில மஞ்சள். மலைப்பக்கம் எல்லாம் பச்சை. கரியன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் மேடத்தின் முகம் மலர்ந்தது.

"கொடிப்பாறையா? வாழ்த்துக்கள்ங்க. உங்களுக்கு 2041 வரைக்கும் கவலையே இல்ல."

"பூச்சி வந்துடுச்சுங்களே."

"வராதுங்க. இந்தப் பூச்சிக்கு வேண்டிய சூடு உங்க மலைக்கு 2041-லதான் வருது. அதுவும் ஜூன் மாசத்துக்கு அப்புறம்."

"இப்பவே சூடுதாங்க. இந்த மார்கழியில நாங்க கம்பளியே எடுக்கல."

மேடம் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். திரையில் எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். "கம்பளிக்கு இதுல கட்டம் இல்லைங்க" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

கரியன் சட்டைக்குள்ளிருந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தான். மேடம் ஒரு கொழுந்தை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் இயக்குநரைக் கூட்டிவந்தார். முனைவர் சின்னராசு, மையத்தின் இயக்குநர். அவரும் பார்த்தார்.

"அதேதான். வெளிநாட்டுப் பூச்சி. சந்தேகமே இல்லை" என்றார். கரியனுக்கு மூச்சு வந்தது.

"இது எங்கே கிடைத்தது?" என்று இயக்குநர் கேட்டார்.

"எங்க கொல்லையிலங்க. கொடிப்பாறை."

"அது நீங்கள் சொல்வது. நான் பார்த்தது எங்கே? இந்த மேஜையில். இந்த மேஜை எந்தச் சதுரம், சந்தியா?"

"சிவப்பு சார். கள்ளக்குறிச்சி டவுன் சிவப்புலதான் இருக்கு."

"எந்த வருஷம் வரும் என்று போட்டிருந்தோம்?"

"இந்த வருஷம் சார்."

இயக்குநர் மேஜையைத் தட்டினார். சிவப்புச் சதுரத்தில் சொன்ன வருஷத்தில் சொன்ன பூச்சி வந்துவிட்டது. ஆபீஸ் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. அந்த மையம் திறந்த நாளிலிருந்து பலித்த முதல் கணிப்பு அதுதான். கரியனுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பதிவேட்டில் 'இடம்: முன்கணிப்பு மையம், மேஜை எண் நான்கு' என்று எழுதி, பூச்சியைக் கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

டீ டம்ளரைக் கழுவி வைக்க இடம் தேடிப் பின்பக்கம் போனபோதுதான் கரியன் இர்ஷாத்தைப் பார்த்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கள்ளக்குறிச்சிக்காரன், ஒப்பந்த வேலை. பின் அறையில் வலை போட்ட கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பஞ்சைத் தேனில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் மலையிலேர்ந்து வந்தவரா? எத்தினி செடி போச்சுணா?"

அந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்ட முதல் ஆள் அவன்தான். "பாதி கொல்லை சுருண்டுச்சு தம்பி. இன்னும் ஒரு மாசம் போனா கெழங்கு வெக்காது."

இர்ஷாத் அவனைக் கூண்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினான். வலைக்குள் எள்ளைவிடச் சின்னதாக ஏதோ பறந்தன. குளவியாம். இந்த மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயிருந்தே தின்றுவிட்டு வெளியே வரும், வேறு எதையும் தொடாது என்றான்.

"மனுசனக் கடிக்காதா?"

"மனுசன் இருக்குறதே அதுக்குத் தெரியாதுணா."

"அப்போ எனக்கு ரெண்டு பொட்டி குடேன்."

இர்ஷாத் பஞ்சை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "சிவப்புச் சதுரத்துல மட்டும்தான் வுடணும்னு ரூல். வாரா வாரம் தியாகதுருகம் பக்கம் ஒரு எடத்துல கொண்டுபோய் வுடுறேன். வரைபடத்துல அது மரவள்ளிக் கொல்லை. போய்ப் பாத்தா பிளாட்டு போட்டுகினு இருக்காங்க. மஞ்சக்கல்லு நட்டு வெச்சிருக்காங்க. கல்லுக்கு நடுவுல பொட்டியத் தொறந்து வுட்டுட்டு, கையெழுத்து வாங்கிகினு வர்றேன்."

"அதுங்க இன்னா ஆவும்?"

"பத்துப் பன்னெண்டு நாளு. பூச்சி இல்லாங்காட்டி அதுவும் இல்ல."

மலைக்குச் சூடு 2041-இல் வரும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கரியன் கேட்டான்.

"மலையில வெக்கறதுக்கு ஒரு வெப்பமானி வந்துச்சு. ஏத்திகினு போக வண்டி சாங்ஷன் ஆவல. மீட்டிங் ஹால்லயே வெச்சிருக்காங்க. அங்க ஏசி எப்பவும் இருபத்திரண்டு. அதான் உங்க மலை எப்பவும் இருபத்திரண்டு."

"2041-ல?"

"தெரியல. ஏசி ரிப்பேர் ஆவும்போல" என்றான் இர்ஷாத். சிரிக்கவில்லை. கரியனுக்கும் சிரிப்பு வரவில்லை.

*

பங்குனியில் கொடிப்பாறைக்கு நான்கு ஜீப்பு வந்தன. பூச்சியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பெருமாயி கொல்லைப் படலைத் திறந்து வைத்தாள். வந்தவர்கள் பேனர் கட்டினார்கள். 'மாவுப்பூச்சி வருகை 2041: முன்னோட்ட ஒத்திகை' என்று போட்டிருந்தது. பூச்சி வரப்போகும் அந்த நாளில் ஊர் என்ன செய்யவேண்டும் என்று இப்போதே பழகிக்கொள்ள வேண்டுமாம்.

ஒத்திகைக்குப் பூச்சி விழுந்த கொல்லை ஒன்று வேண்டும். சந்தியா மேடம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கரியனின் கொல்லையை ஒட்டியிருந்த ஐயப்பனின் கொல்லையைத் தேர்ந்தெடுத்தார். ஐயப்பன் தை மாதத்தில்தான் நட்டிருந்தான், முழங்கால் உயரம், ஒரு சுருளும் இல்லை. இரண்டு பேர் சல்லடையில் மைதா மாவை அள்ளி ஒவ்வொரு கொழுந்தாகச் சலித்துக்கொண்டே போனார்கள்.

பெருமாயிக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, இங்க நெசமாவே இருக்குதே. மாவு எதுக்கு வீணாக்கறீங்க? வேலி தாண்டினா போதும்."

மேடம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சுருண்டு, கூன் விழுந்து, இலை கொட்டி நின்ற ஒன்றரை ஏக்கரும் அவர் கண்ணில் பட்டது. பட்டது என்பதைப் பெருமாயி சத்தியம் செய்வாள். "அது வேணாங்க" என்றார் மேடம். "அது ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. 2041-லயே அவ்வளவு வராது."

பாதிக்கப்பட்ட விவசாயியாக நடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கரியன் முன்னால் போய் நின்றான். அவனை நாலடி நடக்கச் சொன்னார்கள், செடியைப் பார்க்கச் சொன்னார்கள், இயக்குநரிடம் முறையிடச் சொன்னார்கள். அவன் செடியைப் பார்த்தான். இயக்குநரைப் பார்த்தான். "சாமி, எல்லாம் போச்சுங்க" என்றான்.

இயக்குநர் திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார். "சோர்வு அதிகம். 2041-இல் விவசாயி இப்படி இருக்கமாட்டார். அதற்குள் நம் திட்டங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். கொஞ்சம் நம்பிக்கையோடு பாதிக்கப்பட்டவராக வேண்டும்."

ஐயப்பன் அதைச் சரியாகச் செய்தான். கொல்லையில் ஒன்றுமே ஆகாதவனுக்கு நம்பிக்கை எளிதாக வந்தது.

பிறகு இயக்குநர் பேசினார். ஊர் முழுக்க வெயிலில் உட்கார்ந்து கேட்டது.

"அன்பார்ந்த மலைவாழ் மக்களே! பூச்சி வந்த பிறகு ஓடிவருகிற அலுவலகங்கள் உலகத்தில் உண்டு. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. பூச்சி வந்த பிறகு எங்களை நீங்கள் பார்க்கவே முடியாது. பூச்சி இன்று வரும், நாளை போகும். கணிப்பு அப்படியா? ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை நமக்கு உண்டு. எங்கள் மையத்தில் பதினெட்டுப் பேர் அல்லும் பகலும் அதைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்னும் சில வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் எந்தப் பூச்சி வந்தாலும் அதைப் பார்த்துப் பதற்றப்படாதீர்கள். அது நம் பூச்சி அல்ல."

கை தட்டினார்கள். கரியனும் தட்டினான். கை தானாகத் தட்டியது.

கடைசிக் காட்சி குளவியைப் பறக்கவிடுவது. ஒத்திகைதானே, இரண்டு காலிப் பெட்டி போதும் என்று இயக்குநர் எழுதிக் கொடுத்திருந்தார். இர்ஷாத் ஜீப்பிலிருந்து இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு வேலியை ஒட்டிப் போய் நின்றுகொண்டான். புகைப்படக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் இயக்குநர் மூடியைத் திறந்தார்.

அவருடைய வெள்ளைச் சட்டைமேல் எள்ளை வாரி இறைத்தது போல ஆயிற்று. மூக்குக் கண்ணாடிமேல், மீசைமேல், காதுக்குள். இயக்குநர் பெட்டியைப் போட்டுவிட்டுக் குதித்தார். முகத்தில் அறைந்துகொண்டார். "என்ன இது? என்ன இது? பூச்சி! பூச்சி!" என்று கத்தினார். பூச்சி மையத்திலிருந்து வந்த மற்ற எல்லோரும் ஜீப்பை நோக்கி ஓடினார்கள். ஓடாமல் நின்றவன் இர்ஷாத் மட்டும்தான்.

"குளவிங்க சார். கடிக்காதுங்க" என்றான்.

"காலிப் பெட்டி என்றுதானே எழுதினேன்?"

"ஆமாங்க சார். எடுக்கறப்போ மாறிப்போச்சுங்க."

அவன் பொய் சொல்கிறான் என்பது கரியனுக்குத் தெரிந்தது. மேலே கிளம்பிய குளவிகள் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றின. மைதா மாவை அவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலியைத் தாண்டிக் கரியனின் கொல்லைக்குள் போய்விட்டன.

*

சித்திரை கடைசியில் கொழுந்துகள் விரிய ஆரம்பித்தன. பெருமாயி தினம் ஒரு முறை போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை இருந்த இடத்தில் பழுப்பாக, காய்ந்து போன வெறும் கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டிலும் ஊசி குத்தியது போல ஒரு ஓட்டை. வைகாசியில் கீழிருந்து மேல்வரை பச்சை பிடித்தது. கிழங்கு போன வருஷத்தில் பாதிதான் வைக்கும், ஆனால் வைக்கும். பக்கத்து இரண்டு ஊர்களிலும் சுருள் விரிகிறது என்று கரியாலூர் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பூச்சி இல்லாத சதுரத்தில் அனுமதியின்றி உயிருள்ள குளவிகளை விட்டு, அவை இரையின்றிப் பட்டினி கிடந்து சாகக் காரணமாக இருந்தார் என்று தொழில்நுட்ப உதவியாளர் இர்ஷாத் மீது விசாரணை. ஆனிக் கடைசியில் குழு நேரில் வரும். நில உரிமையாளர் கரியன் சாட்சி சொல்ல ஆஜராக வேண்டும்.

"பூச்சி இருந்துச்சின்னு சொல்லிடு. நெசத்தத்தான சொல்லப்போற? அந்தப் புள்ளையால கொல்லை பொழச்சிது" என்றாள் பெருமாயி.

"சொல்றேன்" என்றான் கரியன்.

குழுவுக்குத் தலைவர் சென்னையிலிருந்து வந்த ஓய்வு பெற்ற அதிகாரி. கூடவே இயக்குநரும் சந்தியா மேடமும். ஜீப்பின் பின்சீட்டிலிருந்து இர்ஷாத்தும் இறங்கினான். மூன்று மாதத்தில் இளைத்திருந்தான். கரியனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். ஊர் ஆட்கள் வேலிக்கு வெளியே கூடி நின்றார்கள்.

தலைவர் கொல்லைக்குள் இறங்கி நடந்தார். தலைக்குமேல் செடி பச்சைப் பசேலென்று நின்றது.

"பூச்சி எங்கே?"

"செத்துப் போச்சுங்க."

"எதனால்?"

"அந்தத் தம்பி வுட்ட குளவியாலங்க."

"செத்த பூச்சி எங்கே?"

கரியன் ஒரு இலையைத் திருப்பிக் கூட்டைக் காட்டினான். தலைவர் குனிந்து பார்த்து, மேடத்தைப் பார்க்கச் சொன்னார். மேடம் பார்த்தார். "பூச்சி இல்லை சார். பூச்சியோட தோல்" என்றார்.

"தோலுக்கு அறிக்கையில் இடமில்லை" என்றார் தலைவர். "தோல் எங்கிருந்து வேண்டுமானாலும் காற்றில் வரலாம்."

"கூட்டத் தொளச்சிக்கினு வெளிய வந்திருக்குது பாருங்க ஐயா. குளவி இன்னும் கூடச் சுத்திக்கினு இருக்குது."

இயக்குநர் முன்னால் வந்தார். "இன்னும் குளவி இருக்கிறதா? அப்படியானால் அது எதைத் தின்று உயிரோடு இருக்கிறது?"

"மிச்சம் மீதி பூச்சியத்தாங்க. அங்கங்க ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"எழுதிக்கொள்ளுங்கள் சந்தியா. பூச்சி இருப்பதாகச் சாட்சி சொல்கிறார்." இயக்குநர் கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவினார். அவர் குரலில் கோபமே இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போல இருந்தது. "கரியன், உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். பூச்சி இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் இந்தச் சதுரம் இன்றைக்கே சிவப்பாகிவிடும். பச்சைச் சதுரம் கணிப்புக்கு முன்னால் சிவப்பானால் விதி பதினான்கு. சதுரத்திலுள்ள மரவள்ளி எல்லாவற்றையும் பிடுங்கிக் கொளுத்த வேண்டும். இருபத்தைந்து சதுர கிலோமீட்டர். எத்தனை ஊர் வருகிறது, சந்தியா?"

"மூணு ஊர் சார்."

"பூச்சி இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று கையெழுத்துப் போட்டால் ஒன்றுமில்லை. நாங்கள் போய்விடுவோம். நீங்கள் கிழங்கு பிடுங்கலாம். எது உண்மையோ அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். யாரும் உங்களை வற்புறுத்தவில்லை."

ஐயப்பன் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு கரியனையே பார்த்தான். அவன் கொல்லை இன்னும் நான்கு மாதம் நிற்க வேண்டும். நாற்பது வீட்டு ஆட்களும் பார்த்தார்கள். பெருமாயி தரையைப் பார்த்தாள்.

கரியன் இர்ஷாத்தைத் தேடினான். அவன் ஒரு செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பிக் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. இங்கே பேசிக்கொண்டிருப்பது அவனைப் பற்றி என்பதே அவனுக்குத் தெரியாதது போல இருந்தது. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் கரியன் என்ன செய்திருப்பானோ. அவன் நிமிரவில்லை.

கரியன் ஐந்தாவது வரை படித்தவன். தன் பெயரை நிதானமாக, கொம்பு, சுழி எதுவும் விடாமல் எழுதினான். எழுதும்போது பயமோ வெட்கமோ வரும் என்று எதிர்பார்த்தான். எதுவும் வரவில்லை. பேனா வழுவழுப்பாக இருந்தது, அது ஒன்றுதான் தெரிந்தது.

"நன்றி" என்றார் தலைவர். "கணிப்பும் களமும் ஒத்துப்போகின்றன."

இயக்குநர் கரியனின் தோளில் தட்டிக்கொடுத்தார். ஊர் ஆட்கள் உள்ளே வந்து ஜீப்புக்காரர்களுக்கு இளநீர் வெட்டினார்கள். யாரும் கரியனிடம் எதுவும் பேசவில்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

*

பத்து நாளில் இர்ஷாத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். குளவிகளைப் பட்டினி போட்ட குற்றம் உறுதியானதாம். மற்றக் குளவிகள் வழக்கம்போல வாராவாரம் தியாகதுருகத்து மஞ்சள் கற்களுக்கு நடுவே வேறொரு ஆளால் விடப்பட்டன. கரியனுக்கு மையத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது, பூச்சியற்ற வயலின் உரிமையாளர் என்று. பெருமாயி அதை வாங்கி அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டாள். அன்று அவள் பேசவில்லை. அதற்கு மறுநாளும் சோறு போடும்போது மட்டும்தான் பேசினாள்.

ஆவணியில் கிழங்கு பிடுங்கினார்கள். முதல் நாள் பிடுங்கியதில் நல்லதாகப் பார்த்து ஒரு பை கட்டி எடுத்துக்கொண்டு கரியன் கள்ளக்குறிச்சிக்குப் போனான். மையத்து வாசல் காவலாளியிடம் கேட்டதில், இர்ஷாத் அவன் மாமா முகம்மது கவுஸின் செருப்புக் கடையில் இருப்பதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது சந்து.

கடை சின்னது. மேலே, கீழே, கூரையில் எல்லாம் செருப்பு தொங்கியது. கல்லாவில் கவுஸ் பாய் உட்கார்ந்திருந்தார். உள்ளே இர்ஷாத் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கரியனைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"வாங்கண்ணா."

கரியன் பையை நீட்டினான். இர்ஷாத் வாங்கிப் பார்த்தான். ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறினான்.

"பால் நல்லா இருக்குது. எத்தினி மூட்டை வரும்?"

"போன வருசத்துல பாதி."

"பாதி வந்தாலே பெருசு." பையை ஓரமாக வைத்தான். "குளவி இருக்குதா?"

"இருக்குது. அந்தாண்ட ஊருக்கெல்லாம் போயிடுச்சாம்."

"ஐயப்பன் கொல்லையில?"

"அங்கயும் பாத்தேன். கூடு இருக்குது."

இர்ஷாத் தலையாட்டினான். மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பது போலச் சற்று நேரம் நின்றான். கரியன் மலையிலிருந்து இறங்கும்போது வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஆரம்பித்தான்.

"தம்பி, நான் அன்னிக்குக் கையெழுத்து..."

"தெரியும்ணா. மூணு ஊரு. நானா இருந்தாலும் போட்டிருப்பேன்."

அவன் அதை இயல்பாகத்தான் சொன்னான். குத்தலாகச் சொல்லியிருந்தால் கரியனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

கல்லாவிலிருந்து கவுஸ் பாய் குரல் கொடுத்தார். வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. இர்ஷாத் வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை. "இன்னாப்பா, வந்தவர நிக்க வெச்சே பேசிகினு இருக்க? பெரியவரு செருப்பப் பாரு, அறுந்து தொங்குது. ஒக்கார வெச்சி அளவு பாரு."

"செருப்பு வேணாங்க பாய், சும்மா பாத்துட்டுப் போவத்தான்..."

"ஒக்காருங்க பெரியவரே. எடுக்காங்காட்டி பரவால்ல, போட்டுப் பாருங்க."

கரியன் பெஞ்சில் உட்கார்ந்தான். இர்ஷாத் ஒரு பெட்டியை எடுத்து வந்து, குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தான். தாளைப் பிரித்துக் கறுப்புச் செருப்பை எடுத்தான். குனிந்து அதை இரண்டு கையாலும் கரியனின் காலுக்கு நேராகப் பிடித்தான்.

"காலக் குடுங்கண்ணா."

கரியன் குனிந்த தலையைப் பார்த்தான். உச்சியில் முடி கலைந்திருந்தது.

"குடுங்கண்ணா. எட்டு சரியா இருக்கும்."

கரியன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"மரத்துப் போச்சு தம்பி" என்றான். "கொஞ்சம் இரு."

இர்ஷாத் செருப்பைப் பிடித்தபடியே காத்திருந்தான்.